காலி வீட்டுக் குடித்தனம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்த முதல் வருஷம் நாங்கள் ஆள் இல்லாத வீட்டில்தான் குடியிருந்தோம். பேய்க்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டில் நான் இருந்தேன், என் மனைவி வேலுத்தாய் இருந்தாள், கல்யாணச் சீராக வந்த பம்ப் ஸ்டவ் இருந்தது, ஒன்றுக்கு நாலாக வந்து சேர்ந்த குத்துவிளக்குகள் இருந்தன. மாதம் பிறந்ததும் வாடகை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இருந்தும் நகராட்சிக் கணக்குப்படி அந்த வீட்டில் ஈ காக்கை கிடையாது.

இது எண்பத்தெட்டாம் வருஷத்துக் கதை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு ஆபீஸ் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. அதுவரை ஆலங்குளத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு அப்பா அம்மாவோடு இருந்தவன். ராஜபாளையத்தில் சொன்ன வாடகையைக் கேட்டுவிட்டு, பஸ்ஸில் போய்வந்தால் போகிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பார்த்தேன். ஊரின் ஓரத்தில், புதிதாக மனை பிரித்த தெருவில், ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆறு வீடுகள் வரிசையாக நின்றன. ஆறும் ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி காசிராஜனுடையவை. அவர் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. வாடகை வாங்கவும், ஒழுகுகிற குழாயைப் பார்த்துவிட்டு "சரி பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போகவும் அவருடைய ஆள் சோணைமுத்து சைக்கிளில் வருவார்.

கல்யாணமான கையோடு, ஆலங்குளத்து ரேஷன் கார்டில் இருந்து என் பெயரையும், வன்னியம்பட்டியில் அவள் அண்ணன் கார்டில் இருந்து வேலுத்தாயின் பெயரையும் நீக்கி, நீக்கியதற்குச் சான்றும் வாங்கி வைத்துவிட்டேன். எதையும் முறையாகச் செய்கிற சுபாவம் எனக்கு. புது ஊரில் புதுக் கார்டு வாங்குவது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன். அந்த ஒன்றுதான் எங்களை ஆட்டிவைத்தது.

தாலுகா ஆபீஸில் மனுவோடு வீட்டு வரி ரசீதின் நகலும் வேண்டும் என்றார்கள். சோணைமுத்துவிடம் கேட்டேன். நாளைக்கு என்றார், அடுத்த வாரம் என்றார், முதலாளி ஊரில் இல்லை என்றார். நான் விடாமல் கேட்டதில் ஒருநாள் சலித்துப்போய், பையில் கிடந்த ஒரு நகலை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் 'காலி' என்று எழுதியிருந்தது. எங்கள் மில்லில் சரக்குத் தீர்ந்தால் ஸ்டாக் காலி என்று எழுதுவோம், கணக்குத் தீர்ந்தால் பாக்கி காலி என்று எழுதுவோம். ஆகவே வரி பாக்கி ஒன்றும் இல்லை என்று நான் புரிந்துகொண்டேன். ஒழுங்காக வரி கட்டுகிற மனிதர் வீட்டில் குடியிருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிவப்பு எழுத்து கண்ணில் படும்படியாக மடித்து, மனுவோடு சேர்த்துக் குத்திக் கொடுத்தேன்.

மனு வாங்குகிற அம்மாள் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சார், நீங்க எந்த வீட்ல இருக்கீக?"

"இதுலதாம்மா. நாலாம் நம்பர்."

"இது காலின்னுல்லா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. பாக்கி காலி."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து என்னவென்று கேட்டார். "பாக்கி இல்ல சார், வீடு காலி. ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்து வரியில தள்ளுபடி வாங்கியிருக்காக. ஆளில்லாத வீட்டுக்கு நான் எப்படிக் கார்டு போட?"

"நான் இருக்கேனேம்மா. உங்க முன்னாலதான நிக்கேன்!"

"இங்க நிக்கீக, அது தெரியுது. அங்க இருக்கீகன்னு யாரு சொல்லுதா? வீட்டுக்காரர் எழுதித் தரட்டும், இல்ல வாடகை ரசீது கொண்டாங்க. தை மாசத்தோட புது மனு வாங்குறதை நிறுத்திருவோம், பாத்துக்கோங்க. பொறவு எப்போன்னு எனக்கே தெரியாது."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கட்டிய வீட்டுக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்தால், வாடகையும் இல்லாமல் வரியும் கட்டி உரிமையாளர் நொந்துபோக வேண்டாம் என்று, அந்த அரையாண்டு வரியில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில் வைத்த சலுகை. காசிராஜன் ஆறில் நாலு வீட்டை அப்படிப் பூட்டித்தான் வைத்திருந்தார், எங்களை உள்ளே வைத்து. வாடகை ரசீது ஏன் ஒரு மாதமும் கொடுக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வேலுத்தாயிடம் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டு கிருபாபாய் டீச்சரிடம் கைமாற்றாக வாங்கி வந்த சீமெண்ணெயை ஸ்டவ்வில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் யாரு?" என்றாள். "அண்ணன் கார்டுலயும் இல்ல. இங்கயும் இல்ல. ரேஷன் கடைக்காரன் கேட்டா வானத்துல இருந்து குதிச்சேன்னு சொல்லவா? வெளிக்கடையில சீமெண்ணெய் என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? நல்லா இருந்த கார்டுல இருந்து எம்பேரை அடிக்க மட்டும் வேகமா ஓடுனீக."

அந்தக் கடைசி வாக்கியத்தை அடுத்த சில மாதங்களில் அவள் எத்தனை தடவை சொன்னாள் என்பதற்குக் கணக்கு இல்லை.

அந்த வாரமே காசிராஜனைப் பார்க்கப் போனேன். பஞ்சுக் கிடங்கின் முன்னறையில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது. கோபிப்பார் என்று எதிர்பார்த்து, பதில்களை வரிசையாக மனத்தில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவரோ வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

"வாங்க தம்பி. நீங்கதான் நாலாம் நம்பரா?"

"சுயம்புலிங்கம்ங்கய்யா."

"ஆமா ஆமா, நாலாம் நம்பர். உக்காருங்க. ஏலே, தம்பிக்கு ஒரு காபி சொல்லு."

நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "தம்பி படிச்சவரு. ஒண்ணு கேக்கேன். இந்த வரிச் சலுகையெல்லாம் யாருக்குக் குடுக்காக?" என்றார்.

"உங்களுக்குத்தான்."

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்ணுதாக. சலுகை இல்லன்னா நான் எதுக்கு வீட்டுல துட்டைக் கொண்டு போடுதேன்? பேசாமப் பஞ்சுல போட்டுட்டுப் போயிருவேன். நான் வீடு கட்டலன்னா நீங்க எங்க இருப்பீக? பஸ் ஸ்டாண்டுலயா? அப்போ சலுகை யாருக்கு? குடியிருக்கவுகளுக்கு! என் கைக்கு வந்து உங்க கைக்குப் போகுது, அம்புட்டுத்தான். நான் வெறும் வாய்க்கால்."

"வாய்க்கால்தான் நனைஞ்சிருக்குங்கய்யா. வயலுக்கு ஒரு சொட்டு வரல."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சிநேகிதர் உள்ளே வந்தார். "ரண்டி மாமா, ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் அவரை உட்காரவைத்து, "நம்ம நாலாம் நம்பர் என்ன போடு போட்டாரு கேட்டீகளா?" என்று நான் சொன்னதை என் முன்னாலேயே சொல்லி இன்னொரு முறை சிரித்தார். என் குறையை ஒருவர் இவ்வளவு ரசித்து நான் பார்த்ததில்லை.

"அப்படி எங்களுக்குத்தான் சலுகைன்னா வாடகையில கொஞ்சம் குறைக்கலாமேய்யா" என்றேன்.

"குறைக்கவா? தை பொறந்ததும் கூட்டணும்னுல்லா இருக்கேன்! வரி ஏறப்போகுது தம்பி."

"வரி ஏறுனா உங்க தள்ளுபடியும் சேந்துதான ஏறும்?"

"மிச்சமும் ஏறுமே!" என்றார், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. அப்புறம் குரலை இறக்கி, "இப்படிப் பண்ணுவோம். மார்கழியில காலி வீட்டைப் பாக்க இன்ஸ்பெக்டர் வருவாரு. அன்னைக்கு ஒரு பொழுது ஒத்துழைச்சிருங்க. அவரு பாத்துட்டுப் போன பொறவு, 'இவர் என் வீட்டில் குடிவந்திருக்கிறார்'னு புதுத் தேதி போட்டு நானே எழுதித் தாரேன். உங்களுக்குக் கார்டு, எனக்குத் தள்ளுபடி. யாருக்கும் நட்டமில்ல" என்றார்.

கார்டு வேண்டுமே. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் சோணைமுத்து வந்தார். சைக்கிள் கைப்பிடியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது, அதற்குள் நாலு திண்டுக்கல் பூட்டு. நாளை மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று நாலு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். கொடியில் துணி கிடக்கக் கூடாது. வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது. காலையில் அவர் வந்து வெளியே பூட்டிவிடுவார். உள்ளே இருக்கிறவர்கள் புறவாசலையும் தாழ் போட்டுக்கொண்டு, யார் தட்டினாலும் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும்.

"டீச்சர், அந்த நட்சத்திரத்தை இறக்கிருங்க" என்றார் கிருபாபாயிடம். டீச்சர் வீட்டு முகப்பில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இயேசு பிறக்கதை உங்க இன்ஸ்பெக்டர் வந்து போன பொறவு வச்சுக்கிடச் சொல்லுதீகளா?" என்றார் டீச்சர். "அவருக்காச்சும் அன்னைக்குச் சத்திரத்துல இடம் இல்ல. இங்க இடம் குடுத்து, வாடகையும் வாங்கிட்டு, நீ இல்லங்கீக."

"ஒரு ரெண்டு நாளைக்குத்தான் டீச்சர். ஏம்மா, நீங்களும் நாளையில இருந்தே வாசல்ல கோலம் போட்டுறாதீக. கோலத்தை வச்சே கண்டுபிடிச்சிருவாக."

வேலுத்தாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மார்கழி மாதம். ஆண்டாள் பிறந்த ஊர். விடிவதற்குள் ஒவ்வொரு வாசலிலும் தெருவை அடைத்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைக்கிற நாட்கள் அவை. இழவு விழுந்த வீட்டில்தான் கோலம் இருக்காது.

"என்ன பேச்சுப் பேசுதீக? யாரு செத்துட்டாகன்னு நான் கோலம் போடாம இருக்க? தாலி கட்டி முழுசா ஒரு வருஷம் ஆகல."

"கார்டு" என்றேன் நான், மெதுவாக.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டேன். நான் இல்லாவிட்டால் அவள் கோலம் போட்டுவிடுவாள். கோலத்துக்குக் காவல் இருக்க லீவு எடுத்த குமாஸ்தா அந்த மில்லில் நான் ஒருவன்தான்.

சொன்ன நாளில் சோணைமுத்து வந்து பூட்டிவிட்டு, இன்ஸ்பெக்டரை அழைத்துவரப் போனார். டீச்சரும் மற்ற இரண்டு வீட்டாரும் நேரத்தோடு வேலைக்குப் போய்விட்டார்கள். உள்ளே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னலைச் சாத்தி, இருட்டில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ஒரு இருமல். பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம். மறுபடி தட்டல். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம். காலடிச் சத்தம் போய்விட்டது. அவ்வளவுதான், இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று நான் நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

வந்தது இன்ஸ்பெக்டர் இல்லை, வேலுத்தாயின் அண்ணன் சோலைராஜ். தோட்டத்து மொச்சைக்காயைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வன்னியம்பட்டியில் இருந்து சைக்கிளில் வந்திருக்கிறார். மார்கழி மாதம் வாசலில் கோலம் இல்லை, கதவில் பூட்டு. தெருமுனை டீக்கடை ராக்கப்பனிடம் போய்க் கேட்டிருக்கிறார். ராக்கப்பன் நல்ல மனிதர். தெரிந்ததை மறைக்கமாட்டார்.

"நேத்தும் கோலம் இல்லண்ணே. சாரை ரெண்டு நாளா பஸ்ஸுக்குக் காணும். முந்தாநாள் ஒரு ஆள் சைக்கிள்ல வந்து என்னமோ சொல்லிட்டுப் போனாரு, தங்கச்சி படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு."

இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் சேர்த்துக் கூட்டினால் வேறு என்ன விடை வரும்? மில்லில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது, ஆள் வந்து சொல்லியிருக்கிறான், தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள், உடம்பு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. சோலைராஜ் மொச்சைக்காயை டீக்கடையிலேயே போட்டுவிட்டு வன்னியம்பட்டிக்கு மிதித்திருக்கிறார்.

வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தமும் பெண்கள் இறங்குகிற சத்தமும் கேட்டன. பிறகு, நான் சற்றும் எதிர்பாராத விதமாக, ஒப்பாரி கேட்டது.

"பஞ்சு மில்லுக் கணக்கெழுதும் பவுனு கையி எங்கண்ணே,
பாதியில கணக்கை விட்டுப் போன எடம் எந்த எடம்..."

வேலுத்தாய் என் கையைப் பிடித்தாள். "அழகுத்தாய் மயினி குரலு."

"யாருக்கு அழுவுது?"

"கணக்கெழுதும் கைன்னு சொல்லுதுல்லா? உங்களுக்குத்தான்."

அழகுத்தாய் சோலைராஜின் மனைவி. எங்கள் கல்யாணத்தில், இந்தச் சம்பளத்துக்கா பொண்ணைக் குடுக்கீக என்று பந்தலில் நின்று கேட்டவர். இப்போது என் கை பவுன், என் நடை தேர், என் சொல் தேன். உண்மையைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று எனக்கு இருந்தது. அதற்குள் வெளியே சோணைமுத்துவின் குரல் கேட்டது. இன்ஸ்பெக்டரோடு வந்துவிட்டார்.

"காலி வீடுன்னீங்க. யாருய்யா இவங்க?" இது இன்ஸ்பெக்டர்.

"தெரியலைங்கய்யா. வீடு மாறி வந்திருப்பாக."

"ஏலே, யாருலே வீடு மாறி வந்தது?" சோலைராஜ் கத்தினார். "என் தங்கச்சி வீடுலே இது! பால் காய்ச்சுனதே நாங்கதான்!"

"உங்க தங்கச்சி எவ்வளவு நாளா இங்க இருக்காங்க?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து. வாடகை வாங்க இந்த ஆளுதான் வருவாரு. இப்போ மாப்ளை போயிட்டாருன்னதும் தெரியலைங்கான் பாருங்க!"

சோணைமுத்து என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. ஏனென்றால் அழகுத்தாய் அடுத்த அடிக்குப் போய்விட்டார். வேலுத்தாயின் பூவும் பொட்டும் போகிற அடி அது. நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் வேலுத்தாய் எழுந்து கதவருகே போய்விட்டாள்.

"மயினி! வாயை மூடுங்க! எங்க வீட்டுக்காரர் உசுரோட பாயில உக்காந்திருக்காரு!"

வாசலில் ஒப்பாரி பாதி அடியில் நின்றது. பிறகு ஒரு கிழவி "ஐயோ, உள்ள இருந்து பேசுதே!" என்று அலற, வேன் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது.

இனி ஒளிவதில் அர்த்தமில்லை. புறவாசலைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். சோலைராஜ் கையில் ரோஜா மாலையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் மாலையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இறந்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் சிரிக்கவில்லை. சோணைமுத்துவிடம் சாவியை வாங்கி நாலு வீட்டையும் திறந்து பார்த்தார். கிருபாபாய் டீச்சர் வீட்டில் நட்சத்திரம் கட்டிலின் மேல் கிடந்தது. நாலுக்கும் தள்ளுபடி கிடையாது, வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறும்போது மட்டும் என்னிடம், "கோலம் போடச் சொல்லுங்க சார்" என்றார்.

நாங்கள் இருக்கிறோம் என்பது ஊரறிய ஆகிவிட்டது, இனிக் கார்டு வர வேண்டியதுதானே என்று நினைத்தேன். காசிராஜன் எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. தை பிறந்து சோணைமுத்துதான் வந்தார்.

"சார், ஒரு நல்ல சேதி. இனிமே பூட்டெல்லாம் வேண்டாம். ஆடிட்டர் வேற வழி சொல்லிட்டாரு. சொந்தமாக் குடியிருக்க வீட்டுக்கு வருமான வரியில வாடகைக் கணக்கே காட்ட வேண்டாமாம். அதனால ஆளுக்கு ஒரு வீடா எழுதி வச்சாச்சு. நாலாம் நம்பர் சின்ன மருமக பேருக்கு. அவிய இங்கதான் குடியிருக்காக."

"அப்போ நாங்க?"

"நீங்க அவியளுக்குச் சொந்தக்காரவுக. வீட்டைப் பாத்துக்கிட வந்திருக்கீக. யாராச்சும் கேட்டா அப்படிச் சொல்லிருங்க. வாடகைன்னு மட்டும் வாயைத் திறந்துறாதீக. ஆங், இந்த மாசத்துல இருந்து கொஞ்சம் கூட்டித் தரணும்."

"போன மாசம் ஆளே இல்ல, இந்த மாசம் சின்ன மருமகளா?" என்றாள் வேலுத்தாய். "அந்தப் பிள்ளை இப்போ எங்க இருக்கு?"

"மெட்ராஸ்ல."

"ஒரு வாட்டி வந்து அது வீட்டை அது பெருக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

தை முடிந்தால் மனு வாங்கமாட்டார்கள். காசிராஜன் எழுதித் தரமாட்டார். ரசீது தரமாட்டார். மில்லில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பஞ்சு கொள்முதல் பார்க்கிற சங்கையா மோர் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஓய், அந்தாளு வாங்குன துட்டுக்குக் கையெழுத்துப் போடணும், அம்புட்டுத்தான உமக்கு? அவரு கடை வழக்கம் ஒண்ணு இருக்கு. காலையில போணிக்கு முன்னால வார துட்டை வேண்டாம்னு சொல்லமாட்டாரு. அதுலயும் வெள்ளிக்கிழமை வாசல் தேடி வார லட்சுமின்னா, கண்ணுல ஒத்திட்டுத்தான் மறு வேலை. நாங்க பேரம் முடியாத சரக்குக்குக்கூட வெள்ளிக்கிழமை காலையில அட்வான்சை நீட்டிருவோம். வாங்கிட்டுத்தான் பொறவு யோசிப்பாரு."

வியாழக்கிழமை ராஜபாளையம் தபாலாபீஸில் அந்த மாத வாடகையைக் காசிராஜன் பெயருக்கு மணியார்டர் செய்தேன். கீழே தகவல் எழுதுகிற இடத்திலும், கையெழுத்தோடு எனக்குத் திரும்பி வருகிற துண்டிலும் முத்து முத்தாக எழுதினேன்: 'ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தங்களது நாலாம் எண் வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருப்பதற்கான தை மாத வாடகை.' அனுப்புநர் விலாசத்திலும் அதே வீடு. வெள்ளிக்கிழமை தபால்காரர் போனபோது காசிராஜன் சாமி படத்துக்குப் பத்தி காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். புது நோட்டு. கண்ணில் ஒற்றிக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்ட துண்டு தபாலில் என்னிடம் திரும்பி வந்தது.

தாலுகா ஆபீஸ் அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "அவரு கையெழுத்துதானா?"

"அவருதாம்மா."

"அப்போ இருக்கீக சார்" என்று மனுவை வாங்கிக்கொண்டார்.

மாசியில் கார்டு வந்தது. இரண்டு பெயர், ஒரு வீட்டு எண். வேலுத்தாய் அதை விளக்கு மாடத்தில் வைத்தாள். கும்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்து காசிராஜன் கொதித்துப் போயிருக்கிறார். என்ன செய்வார் என்று எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பங்குனியில் ஒருநாள் சோணைமுத்து வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"காலி பண்ணச் சொல்லிட்டாகளா?" என்றேன்.

"சொல்லத்தான் வக்கீல்கிட்டப் போனாக. குடித்தனக்காரரை வெளியேத்தணும்னா மொதல்ல குடித்தனக்காரர்னு ஒத்துக்கணும்னுட்டாரு வக்கீல். ஒத்துக்கிட்டா வாடகை வாங்குனது வெளிய வரும், சின்ன மருமக கணக்கு அடிபடும். குடித்தனமே இல்லன்னா வெளியேத்த ஆள் இல்ல. ரெண்டு பக்கமும் இடிக்காம். முதலாளி வக்கீலை வைஞ்சிட்டு வந்துட்டாக."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு மனிதர் சொந்த வீட்டில் ஒழுங்காகக் குடியிருக்க, இன்னொருவர் சொன்ன இரண்டு பொய் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது. சொந்த வீடு என்று எழுதிவிட்டேன். வாடகை வீடு.

சோணைமுத்து போகவில்லை. சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"என்ன, இன்னும் எதுவும் சேதி இருக்கா?" என்றாள் வேலுத்தாய்.

"அந்த மணியார்டர்... அதை எப்படி எழுதணும்னு சார்கிட்டக் கேக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தாம்மா. நான் இருக்கதும் முதலாளி வீடுதான். ராஜபாளையத்துல. சம்பளத்துல வாடகையைப் பிடிச்சுக்கிடுவாக. மார்கழி வரைக்கும் அதுவும் காலி வீடு, இப்போ அதுல அவுக மூத்த மகன் இருக்கதாக் கணக்கு. எங்க வீட்லயும் கார்டு இல்ல."

வேலுத்தாய் வாயில் கையை வைத்தாள். "நீங்கதானய்யா மஞ்சப்பையில பூட்டைத் தூக்கிட்டு வந்தீக!"

"இங்க பூட்டுனேன். அந்த ஊரு இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு எங்க வீட்டையும் பூட்டிட்டு, நானும் சந்து வழியாத்தானம்மா உள்ள போனேன்."

நான் எரிச்சலோடுதான் பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற வாடகையை மணியார்டரில் எப்படி அனுப்புவது, கொடுத்த பிறகு வேலை மிஞ்சுமா, இதையெல்லாம் யோசித்தீர்களா என்று கேட்டேன். யோசிக்கவில்லை என்றார். சரி, முதலில் விலாசம் சொல்லுங்கள், வீட்டு எண் என்ன என்றேன்.

அவர் சைக்கிள் மணியைத் திருகுவதை நிறுத்தினார்.

"ஆளில்லாத வீடு மாதிரித் தெரியணும்னு நம்பர் தகட்டை நான்தான் சார் கழட்டுனேன். எங்க வச்சேன்னு ஞாபகம் இல்ல."

"போயி மொதல்ல அதைத் தேடி மாட்டிட்டு வாங்க" என்று சொல்லி, பேனாவை மூடினேன்.